லயத்து வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்

கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலையிலிருந்தும், லீவுக்கு வரும்போது கனடா, லண்டன், சுவிஸிலிருந்தும் நமுனுகுல மலை ஏற வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பக்கத்திலிருந்து யாராவது வாய் திறந்தால், தோட்டத்துச் சனம் மலையை மறிக்கிறது என்று மறுநாளே பேஸ்புக்கில் போட்டுவிடுகிறீர்கள். நாங்கள் எதை மறிப்பது? நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கீரைப்பாத்தி போட்டிருக்கும் துண்டு நிலமே எங்கள் பேரில் இல்லை. மலைக்கு எங்கே உறுதி வைத்திருக்கப் போகிறோம்! தாராளமாக வாருங்கள். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. நேரில் கேட்க வாய்ப்பே கிடைப்பதில்லை. விடியற்காலை இருட்டில் லயத்தைக் கடந்து போகிறீர்கள். பின்னேரம் களைத்து இறங்கும்போது கீழே ஓட்டோ காத்து நிற்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவள். எங்கள் தொங்க லயத்தை ஒட்டிப் போகும் பாதையால்தான் உங்களில் பலர் ஏறுகிறீர்கள். உங்கள் ஒருநாள் திட்டம் எனக்கு மனப்பாடம். இராத்திரி பஸ்ஸில் பதுளை. விடிய முன் நமுனுகுல டவுன் பக்கமாகவோ ஸ்பிரிங்வெளி பக்கமாகவோ ஏற்றம். தேயிலை முடிந்து மானாப்புல், புல் முடிந்து பாசி பிடித்த காடு, உச்சியில் பனி விலகினால் கிழக்கிலும் தெற்கிலும் மொணராகலைப் பக்கத்து வறண்ட நிலம். மத்தியானம் இறங்கி, நேரமிருந்தால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, இல்லாவிட்டால் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம். இரவு எல்லயில் சாப்பாடு, அடுத்த பஸ். ஆசையாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் முழங்கால் ஒத்துழைத்தால் நானும் உங்களோடு ஏறுவேன்.

ஈரமும் வறட்சியும் இவ்வளவு நெருக்கமாக முட்டிக்கொள்ளும் இடங்கள் இந்தத் தீவில் அதிகம் இல்லை. ஒரே மலை. ஒரு பக்கம் அட்டை கடிக்கும், மறுபக்கம் புல் காய்ந்து சரசரக்கும். பதுளையிலிருந்து செங்கலடி வீதியைப் பிடித்து பசறை, லுணுகலை தாண்டி பிபிலைக்கு இறங்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் ஸ்வெட்டரைக் கழற்றி வேர்வையைத் துடைக்க வேண்டிவரும். மடூல்சீமையின் சின்ன உலகமுடிவில் கூடாரம் அடிப்பவர்கள் காலையில் பார்ப்பதும் இந்த எல்லையைத்தான். காலடியில் மேகம், அதற்குக் கீழே மகியங்கனைப் பக்கத்துக் காய்ந்த சமவெளி. இந்த அழகை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதில் எனக்கு மனக்குறை கிடையாது.

குறை எங்கே என்றால், அந்த மலையிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் வருகிறது. இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் நீர்வழங்கல் சபையிடமிருந்து வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே காட்டு ஓரத்தில் ஓர் ஊற்று. ஊற்றின் வாயில் கல் அடுக்கி ஒரு சின்னக் குழி. குழிக்குள் கறுப்புக் குழாயின் முனை. அந்த முனையில் கொசுவலைத் துணியோ கம்பி வலையோ சுற்றி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். அங்கிருந்து புல்லுக்குள்ளும் தேயிலைக்குள்ளுமாக வளைந்து வளைந்து வரும் குழாயிலிருந்துதான் முழு லயமும் குடிக்கிறது, சமைக்கிறது, பிள்ளைமடுவத்தில் பால்மா கரைக்கிறது. தண்ணீர் நின்றால் பொடியன்மார் மேலே போய் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். முன்பெல்லாம் வலையில் சிக்கியிருப்பது இலைச் சருகும் தவளையும். இப்போது என்ன சிக்குகிறது தெரியுமா? ஈரக் கடதாசி. முகம் துடைக்கவும் மற்றதற்கும் நீங்கள் பாவிக்கிறீர்களே, வாசனை போட்ட அந்த ஈரக் கடதாசி. அது கரைவதில்லை. வலையில் தோல் மாதிரி படிந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதைக் கையால் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்த பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊற்றுக்குச் சில முழம் மேலே, கூடாரம் போட வசதியான மட்டமான இடம். கூடாரம் போட்டால் பக்கத்தில் கழிப்பிடமும் வேண்டும்தானே. மறைவான இடம் என்று நீங்கள் தேடிப் போவது ஓடைக்கரைக்கு. குழாய் அடைத்த அந்தக் கிழமை எங்கள் லயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது என்று எழுதினால் உங்களுக்கு அருவருக்கும், விடுகிறேன்.

இது எங்கள் லயத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கதிர்காமத்தில் நீங்கள் இறங்கி முழுகும் மாணிக்க கங்கை இந்த நமுனுகுல மலைத்தொடரில்தான் பிறக்கிறது. இங்கேயிருந்து இறங்கி, வறண்ட நாட்டைக் கடந்து, கதிர்காமத்தைத் தொட்டு, யால காட்டுக்குள்ளால் போய்க் கடலில் விழுகிறது. ஆடி மாதக் கொடியேற்றத்துக்கு உகந்தை, குமண வழியாக யால காட்டை நடந்து கடக்கும் பாத யாத்திரைக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உங்கள் தாத்தா பாட்டிமார் நடந்த பாதை அது. அவர்கள் முடிவில் கும்பிட்ட தண்ணீரை நீங்கள் தொடக்கத்தில் சவர்க்காரம் போட்டுக் கலக்குகிறீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்தது நெருப்பு. இதை ஆற அமரப் பேசவேண்டும்.

ஆனி பிறந்ததும் தென்மேல் பருவக்காற்று நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். கச்சான் காற்று. அது அடிக்கத் தொடங்கினால் உதடு வெடிக்கும், ஓடை மெலியும், கொழுந்து சுருங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தருவதே இந்த வறட்சிதான். ஆடி முதல் புரட்டாசி வரை எடுக்கும் கொழுந்தில்தான் அந்தத் தனி வாசனை ஏறுகிறது, ஏலத்தில் விலையும் ஏறுகிறது. கொழுந்து எடுக்கிறவளுக்கோ அதே மாதங்களில் செடியில் துளிர் இல்லை, கிலோ நிறைவதில்லை, அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழுகிறது. அது வேறு கதை. உங்களுக்குச் சொல்லவேண்டியது, அதே காற்றில் மானாப்புல் பொரிந்து கிடக்கும் என்பது. அந்தப் புல்லில் எண்ணெய் இருக்கிறது. பச்சையாக இருக்கும்போதே கசக்கினால் கை மணக்கும். காய்ந்த பிறகு ஒரு பொறி போதும். அடிவாரத்தில் பிடித்த தீ, காற்று மேல்நோக்கி அடித்தால் ஆள் ஓடும் வேகத்தை விட வேகமாக ஏறும். கூடாரத்துக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து நூடுல்ஸ் காய்ச்சுகிறீர்களே, அந்தக் காற்றில் அது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு விளங்கவில்லை.

விளங்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணி. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை மலை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் பிடித்த தீ நடுவழியில் வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த, உங்களைப் போலப் படித்து வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் அதிகம். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேர முன்னர் புகைக்குள் போய் ஆளைத் தேடியவர்கள் கீழே இருந்த ஊர்ச்சனம். எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம், எந்தப் பக்கம் பாறை, எந்தப் பள்ளத்தில் ஈரம் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் மலையில் தீ பிடித்தாலும் அப்படித்தான். உங்கள் நம்பர் எங்களிடம் இல்லை, நீங்கள் அதற்குள் எல்ல போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எங்கள் ஆண்கள் பச்சைக் கிளையை முறித்துக்கொண்டு இராத்திரி ஏறுவார்கள். எதிர்த்தீ வைப்பார்கள். விடிய இறங்கி முகம் கழுவிவிட்டு வேலைப் பெரட்டுக்குப் போவார்கள். யாரும் படம் எடுப்பதில்லை. எரிந்த சரிவில் வேர் கருகி மண் இளகிக் கிடக்கும்போதே ஐப்பசி மழை வந்துவிடும்.

மழை என்றால் எங்களுக்கு என்ன நினைவு வரும் என்று நீங்கள் கேட்டதில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் மலை இறங்கி லயங்களின் மேல் வந்து உட்கார்ந்தது. பல பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினார்கள், திரும்பிவரும்போது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்து, சனத்தை எழுப்புங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். பதுளை மாவட்டம் பட்ட அடி உங்களுக்கும் தெரியும், உங்களில் பலர் அரிசியும் உடுப்பும் அனுப்பினீர்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு மலையில் பாதைகள் மாறிவிட்டன. உங்கள் கைப்பேசி வரைபடத்தில் இருக்கும் கோடு இன்னும் பழைய கோடுதான். அதில் பாதை என்று காட்டும் சில இடங்களில் இப்போது வெறும் பள்ளம். எந்தச் சரிவில் வெடிப்பு விழுந்திருக்கிறது, எந்த ஊற்று திடீரென்று கலங்கி ஓடுகிறது, எந்த மரம் சாய்ந்து நிற்கிறது என்பது தினமும் அந்த வழியால் விறகுக்கும் மாட்டுப் புல்லுக்கும் போகிறவளுக்குத் தெரியும். வரைபடத்துக்குத் தெரியாது.

குளவியும் அப்படித்தான். தேயிலை மலையில் குளவிக்கொட்டு என்பது பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. எங்களுக்கு அது ஆஸ்பத்திரி, சில நேரம் சாவு. எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று பார்த்து அந்த மலையை விட்டுவிட்டு அடுத்த மலையில் கொழுந்து எடுப்பார்கள். நீங்கள் கழுத்தில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு, மூக்கைத் துளைக்கும் சென்ட் அடித்துக்கொண்டு, அதே மரத்தடியில் இளைப்பாறுவீர்கள். கூடு கலைந்தால் நீங்கள் ஓடிவிடலாம், சப்பாத்துப் போட்ட கால். படங்கு கட்டி, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடையோடு செடிகளுக்கு நடுவே நிற்கிறவள் எந்தப் பக்கம் ஓடுவாள்?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தங்கச்சிமார் இதைத் தம்பிமாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ட்ரோன். எங்கள் பெண்கள் குளிப்பது திறந்தவெளிப் பீலியில். நான்கு சுவரும் கதவும் வைத்த குளியலறை எல்லா லயத்துக்கும் இன்னும் வரவில்லை. குறுக்குக்கட்டோடு நின்று தண்ணீர் வார்க்கும்போது தலைக்கு மேலே வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஒன்று வந்து நிற்கிறது. அது மலையைப் படம் எடுக்கிறதா, வேறு எதையாவது எடுக்கிறதா என்று கீழே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? வாளியைப் போட்டுவிட்டு ஓடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிறகு அந்த வீடியோவில் பாட்டுச் சேர்த்து, பச்சைப் பசேல் என்ற மலையும் மூடுபனியும் என்று போடுகிறீர்கள். கொழுந்து எடுப்பவளைக் கேட்காமல் படம் எடுப்பதும் அதே சாதிதான். கேட்டால் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் பேர் இருக்கிறது, அதையும் கேட்கலாம்.

இவ்வளவு புகாரையும் அடுக்கியதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே என்று நான் நம்புவதால்தான். அந்த மருந்து அறிவிப்புப் பலகை அல்ல. பலகை பலகாலம் நின்றது, அதன் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குப்பை போடாதே, தீ வைக்காதே, சத்தம் போடாதே என்று நூறு தடை எழுதி வைத்தாலும் உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது, எங்களுக்கும் அதைக் காவல் காக்க ஆள் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களம் வாசலில் உட்கார்ந்து டிக்கட் வெட்டுகிறது, போத்தலில் சுற்றியிருக்கும் பொலித்தீனைக் கூடக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. அது 1988இல் தேசியப் பூங்கா ஆனது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. நமுனுகுலவுக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. வந்தாலும், முதல் வேலையாக எங்கள் விறகுப் பாதையை மூடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. ஆகவே வாசல் எதுவும் வேண்டாம். வாசலுக்குப் பதிலாக ஓர் ஆள் போதும்.

என் வேண்டுகோள் இதுதான். ஏறுவதற்கு முன்னால் லயத்தில் நில்லுங்கள். கேளுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

உங்களோடு எங்கள் பையனோ பிள்ளையோ ஒருவர் வந்தால், ஊற்றுக்கு மேலே கூடாரம் அடிக்க விடமாட்டார், அதுவே அவர் குடிக்கும் தண்ணீர். கச்சான் காலத்தில் அடுப்பு மூட்ட விடமாட்டார், தீ பிடித்தால் அணைக்க ஏறவேண்டியவர் அவர் அப்பா. குளவி மரத்தைச் சுற்றிக் கூட்டிப்போவார், அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறாள். ட்ரோனை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்று சொல்வார், பீலியில் நிற்பது அவர் அக்கா. வெடிப்பு விழுந்த சரிவில் உங்களை ஏற்றமாட்டார். ஒவ்வொன்றையும் நான் எழுதி உங்களுக்கு மனப்பாடம் செய்யவைப்பதை விட அது எவ்வளவோ சுகம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டார் வழிகாட்டி இல்லாமல் மலையேறுவதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 ஒக்டோபரில் அரசாங்கமே 40 மலைப் பாதைகளைத் திறந்து, அந்தந்த மலையின் பழங்குடி, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. அத்தனை உயிர் போன பிறகு அங்கே வந்த புத்தி இங்கே ஒரு உயிரும் போகாமலே வந்தால் நல்லது அல்லவா?

சிலர் கேட்பீர்கள், இது இன்னொரு கமிஷன் வியாபாரம் ஆகிவிடாதா என்று. நியாயமான கேள்வி. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இறங்கும் பாதையில் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும் தரகர்களை நானும் பார்த்திருக்கிறேன். 1921இல் முடிந்த அந்தப் பாலத்துக்கு நூறு வருடம் கழித்து இத்தனை சொந்தக்காரர்கள்! ஆனால் எல்லயில் நடந்ததை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். ஹோட்டல் வந்தது, கபே வந்தது, மலைக்குப் பக்கத்து நிலத்தின் விலை ஏறியது. பக்கத்துத் தோட்டத்து லயப் பிள்ளைக்கு அதில் கிடைத்தது பெரும்பாலும் கோப்பை கழுவும் வேலை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெயில் 22 பகுதிகளாக 300 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று பெரும்பாலும் தோட்டப் பாதைகளால்தான். நல்ல முயற்சி. எங்கள் பாட்டன் பூட்டன் வெட்டிய பாதை அது, சாமான் சுமந்து உள்ளங்கால் தேய்ந்த பாதை. அந்தப் பாதையில் நடக்கிற வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் எங்கள் பிள்ளை வழிகாட்டியாக நடக்கவேண்டும், ஓரத்தில் நின்று கைகாட்டுகிறவனாக நிற்கக்கூடாது. இதற்கு மேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

காசைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். 2021இல் கிடைத்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் கத்தினோம் என்று உங்களுக்குத் தெரியும். 2024இல் அது 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் கம்பனிகளின் உயர்வோடு அரசாங்கம் தன் பங்காக 200 சேர்த்து மொத்தம் 1,750 என்று அறிவித்தது. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் ஒரு முழு நாளின் விலை அது, அதுவும் கிலோ நிறைந்தால். உங்களோடு வருகிறவருக்கு அதன் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கொடுங்கள். ஆறு பேர் வந்தால் ஆளுக்கு அறுநூறு ரூபாய்க்கும் குறைவு. எல்லயில் நீங்கள் சாப்பிடும் ஒரு கொத்து ரொட்டிக்கு அது காணாது. பத்தாம் வகுப்போடு கொழும்புக்குக் கடை வேலைக்கு ஓடும் பையன்களில் இரண்டு பேராவது ஊரில் நிற்பார்கள். நான் படிப்பித்த பிள்ளைகள், அவர்களை எனக்குத் தெரியும். கதைக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். முதல் அரை மணித்தியாலம் வெட்கப்படுவார்கள், மூன்று மொழியிலும் வெட்கப்படுவார்கள். அதற்குப் பிறகு நிறுத்தமாட்டார்கள்.

இன்னும் ஒரு நியாயம் இருக்கிறது. ஏதாவது நடந்தால் முதலில் பள்ளத்தில் இறங்குவது யார்? 2021 மார்ச் 20, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் மைல்கல்லில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்லயில் சுற்றிப் பார்த்துவிட்டு வெல்லவாயப் பக்கம் இறங்கிய பஸ் உருண்டு 15 பேர். அந்தப் பள்ளங்களில் ஆட்களைத் தூக்க ஓடியவர்களில் பக்கத்து ஊர், பக்கத்துத் தோட்டச் சனம் இருந்தது. நீங்கள் மலையில் வழி தவறினாலும், கால் உடைந்தாலும், பனிக்குள் மாட்டிக்கொண்டாலும் பொலிசும் இராணுவமும் வந்து சேரும் வரை உங்களைத் தேடப்போவது நாங்கள்தான். யார் ஏறினார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்பதாவது எங்களுக்குத் தெரிய வேண்டாமா? பேர் தெரியாத ஆளை இருட்டில் எப்படிக் கூப்பிட்டுத் தேடுவது?

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து வந்த வழியை நினைத்து, அதில் உங்களில் சிலரும் நடந்தீர்கள். மன்னார் வெயிலில் எங்களோடு நடந்த உங்களுக்கு, எங்கள் மலையில் எங்களோடு நடக்கக் கூச்சம் எதற்கு? அன்றைக்குக் கேட்டு நடந்தீர்கள், கதை கேட்டுக் கேட்டு நடந்தீர்கள். நமுனுகுலவிலும் கேட்கக் கதை இருக்கிறது. எந்த மலைக்கு எந்த இலக்கம், எந்தக் கல்லில் எந்த மாடசாமி, கோப்பிக் காலத்து வாய்க்கால் எங்கே ஓடியது, பாட்டிமார் எந்த இறக்கத்தில் தாலாட்டுப் பாடினார்கள் என்று. வரைபடக் கோட்டைப் பார்த்து ஏறி, படம் எடுத்து, இறங்கிப் போகிறவர்களுக்கு அது ஒன்றும் கிடைப்பதில்லை. இழப்பு எங்களுக்கு மட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

இனி நடைமுறை. சனிக்கிழமை ஏறுவதாக இருந்தால் வெள்ளி பின்னேரமே தோட்டத்துக்கு வந்துவிடுங்கள். கோவில் முன்றலிலோ கடையிலோ விசாரித்தால் யார் வருவார்கள் என்று சொல்வார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் வரும் குழுவென்றால் அதையும் சொல்லுங்கள், ஓர் அக்காவை அனுப்புவார்கள். குழுவில் எத்தனை பேர், எப்போது இறங்குவீர்கள் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு ஏறுங்கள். காசைக் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள், பின்னேரம் பேரம் வேண்டாம். கழிப்பிடத் தேவையை லயத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், எந்த வீட்டிலும் மறுக்கமாட்டார்கள். மேலே போனபின் ஓடைப் பக்கம் வேண்டாம். ஈரக் கடதாசியைப் பையிலேயே திரும்பக் கொண்டுபோங்கள். மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் வராதீர்கள், டிக்கட் போட்டாயிற்று என்று வாதாடாதீர்கள். வழியில் புதிதாக ஒரு வெடிப்பையோ கலங்கிய ஊற்றையோ கண்டால் படம் எடுங்கள். இறங்கி வந்ததும் முதல் வேலையாக அதை லயத்தில் காட்டுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்க எங்களுக்கு அது உதவும்.

ஆடி, ஆவணி, புரட்டாசியில் வந்தால் சமைத்ததைக் கட்டிக்கொண்டு வாருங்கள், அடுப்பு வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மலைக்கு மழை, விட்டுவிடுங்கள். பொங்கல் கழித்து மாசி, பங்குனிதான் நல்லது, பனி சீக்கிரம் விலகும், அட்டையும் குறைவு. உங்களோடு வருகிறவருக்குச் சாப்பாடு கொண்டுவரத் தேவையில்லை. அவர் ரொட்டியும் சம்பலும் உங்களுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வருவார். மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பசறையிலிருந்து, இளைப்பாறிய தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருத்தி